‘செக்டார் 36’ படத்துல கொலைகாரன் சிக்கிட்டான்... நிஜ நிதாரி வழக்குல ஏன் யாருமே சிக்கல?

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ராத்திரி செங்கல்பட்டு லோக்கல் வந்து நின்றால், இறங்குபவர்களில் பலர் கையில் போன் வெளிச்சம் தெரியும். தாம்பரத்தில் ஏறும்போது ஆரம்பித்த படம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர் தாண்டுவதற்குள் சூடு பிடித்திருக்கும். மீதியை வீட்டுக்குப் போய் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிடலாம். இப்படிப் பார்க்கப்படும் படங்களில் க்ரைம் த்ரில்லருக்கு எப்போதுமே தனி மவுசு. அதிலும் ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று ஆரம்பத்தில் ஒரு வரி வந்துவிட்டால், பாதியில் நிறுத்தவே மனசு வராது.

படம் முடிந்ததும் அடுத்த வேலை, கூகுளில் ‘நிஜத்துல என்ன நடந்துச்சு’ என்று தேடுவது. 2024 செப்டம்பர் 13 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘செக்டார் 36’ இந்திப் படத்தைப் பார்த்துவிட்டு இன்றைக்கு அப்படித் தேடுகிறவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. படத்தில் கொலையாளி யார் என்பதில் கடுகளவும் சந்தேகம் இல்லை. அந்தப் படத்துக்கு ஆதாரமான நிதாரி வழக்கிலோ, குற்றம்சாட்டப்பட்டிருந்த இரண்டு பேருமே இப்போது விடுதலை. சட்டத்தின் கணக்கில், அந்தக் குழந்தைகளைக் கொன்றது யார் என்பது இன்று வரை நிரூபிக்கப்படவில்லை.

எப்படி இது நடந்தது? வாக்குமூலம் கொடுத்த ஒருவர் சுமார் 19 வருஷத்துக்குப் பிறகு எப்படி வெளியே வந்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

படத்துல என்ன கதை?

ஆதித்ய நிம்பால்கர் இயக்கிய ‘செக்டார் 36’ படத்தில், பணக்காரத் தொழிலதிபர் ஒருவரின் பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரர் பிரேம் சிங்காக விக்ராந்த் மாஸி நடித்திருப்பார். பக்கத்துக் குடிசைப் பகுதியில் குழந்தைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். ஏரியா இன்ஸ்பெக்டராக வரும் தீபக் டோப்ரியால் எதையும் கண்டுகொள்ள மாட்டார். கடைசியில் தன் சொந்த மகளுக்கே ஆபத்து நெருங்கிய பிறகுதான் அவருக்கு உறைக்கும்.

படத்தின் உயிர்நாடியே விசாரணை அறைக் காட்சிதான். எதிரே இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்க, பிரேம் சிங் பதற்றமே இல்லாமல், ஏதோ ஊர்க்கதை சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போவார். படம் வந்த நேரத்தில் விக்ராந்த் மாஸியின் நடிப்புக்குப் பெரிய பாராட்டு கிடைத்ததற்கு அந்தக் காட்சி முக்கியக் காரணம். அதைப் பார்த்து முடிக்கும் யாருக்கும் ‘இவன்தான்’ என்பதில் சந்தேகம் வராது.

படத்தில் பெயர்களும் இடங்களும் மாற்றப்பட்டவை, சம்பவங்களும் கற்பனை கலந்தவை. ஆனாலும் பார்த்தவர்கள் எல்லோரும் அதை நிதாரியோடுதான் பொருத்திப் பார்த்தார்கள். இங்கே ஒரு தேதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். படம் வெளிவருவதற்கு 11 மாதம் முன்பே, 2023 அக்டோபரில், நிஜ வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுதலைத் தீர்ப்பு கொடுத்துவிட்டது.

நிதாரியில் நடந்தது என்ன?

டெல்லியை ஒட்டிய நொய்டாவில், செக்டார் 31-க்குள் இருக்கிறது நிதாரி. ஒரு காலத்தில் கிராமம். சுற்றிலும் திட்டமிட்டுக் கட்டப்பட்ட செக்டார்கள் வந்தபோது, கிராமம் நடுவில் மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் பங்களாக்கள், இன்னொரு பக்கம் ஒற்றை அறை வாடகை வீடுகள். வங்காளத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் உள்மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அங்கே குடியிருந்தார்கள். ரிக்‌ஷா ஓட்டுவது, துணி தேய்ப்பது, பங்களாக்களில் வீட்டு வேலை என்று அவர்களுடைய வாழ்க்கை ஓடியது.

2005, 2006-ம் ஆண்டுகளில் அங்கே குழந்தைகள் காணாமல் போக ஆரம்பித்தார்கள். பெற்றோர்கள் காவல் நிலையத்துக்குப் போனார்கள். ‘எங்கயாவது ஓடிப்போயிருக்கும், வந்துடும்’ என்கிற ரீதியில்தான் பெரும்பாலும் பதில் வந்தது. காணாமல் போன இளம்பெண் ஒருவரின் தந்தை நீதிமன்றம் வரை போன பிறகே எஃப்.ஐ.ஆர். பதிவானது. அந்தப் பெண்ணின் செல்போன் தடத்தைப் பின்தொடர்ந்துதான் போலீஸ் டி-5 என்ற வீட்டு வாசலுக்கு வந்தது.

2006 டிசம்பர் 29. அந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த சாக்கடையிலும் அதை ஒட்டிய காலியிடத்திலும் மண்டை ஓடுகளும் எலும்புகளும் கிடைத்தன. வீட்டின் உரிமையாளர் மொனிந்தர் சிங் பாந்தேர், வேலைக்காரர் சுரேந்திர கோலி இருவரும் கைதானார்கள். நாடே கொதித்தது. புகார்களை அலட்சியப்படுத்திய போலீஸார் சிலர் பணிநீக்கமும், அதிகாரிகள் சிலர் சஸ்பெண்டும் செய்யப்பட்டார்கள். 2007 ஜனவரியில் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. மொத்தம் 16 வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கலானது.

தூக்கு மேடை வரை போன வழக்கு

இதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் புரியும்.

2009 பிப்ரவரி: முதல் வழக்கில் கோலி, பாந்தேர் இருவருக்கும் விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் அந்த வழக்கிலிருந்து பாந்தேரை விடுவித்தது, கோலியின் தண்டனையை உறுதி செய்தது.

2011 பிப்ரவரி: கோலியின் தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

2014 செப்டம்பர்: கருணை மனு நிராகரிக்கப்பட்டு, கோலி தூக்கிலிடப்படுவதற்காக மீரட் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். செப்டம்பர் 8 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

2015 ஜனவரி: கருணை மனுவை முடிவு செய்வதில் ஏற்பட்ட தாமதத்தைக் காரணம் காட்டி, தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது அலகாபாத் உயர் நீதிமன்றம்.

2023 அக்டோபர் 16: தூக்கு விதிக்கப்பட்டிருந்த மற்ற 12 வழக்குகளிலும் கோலியை அதே உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பாந்தேர் மீது மிச்சமிருந்த 2 வழக்குகளிலும் விடுதலை. அவர் அந்த மாதமே சிறையிலிருந்து வெளியே வந்தார்.

2025 ஜூலை 30: இந்த விடுதலைகளை எதிர்த்த மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

2025 நவம்பர் 11: கோலி மீது மிச்சம் இருந்தது ஒரே ஒரு தண்டனை. 2011-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்த அந்த முதல் வழக்கு. அதிலும் சீர்திருத்த மனு, அதாவது ‘க்யூரேட்டிவ் பெட்டிஷன்’ மூலம் விடுதலை கிடைத்தது. அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய், நீதிபதிகள் சூர்ய காந்த், விக்ரம் நாத் அடங்கிய அமர்வு இந்தத் தீர்ப்பைக் கொடுத்தது.

சீர்திருத்த மனு என்பது எல்லாக் கதவும் மூடிய பிறகு தட்டும் கடைசிக் கதவு. அது திறப்பது ரொம்ப அபூர்வம். 2014-ல் அந்த நள்ளிரவுத் தடை மட்டும் வராமல் போயிருந்தால், 2025-ல் விடுதலை செய்ய ஆளே இருந்திருக்க மாட்டார்.

வாக்குமூலம் இருந்தும் ஏன் விடுதலை?

இங்கதான் சினிமாவும் சட்டமும் வேற வேற பாதையில போகுது.

த்ரில்லர் படத்தில் குற்றவாளி ‘ஆமா, நான்தான் செஞ்சேன்’ என்று சொன்னால் கதை முடிந்தது. இந்தியச் சட்டத்தில், போலீஸிடம் சொன்ன வாக்குமூலத்தை அவருக்கு எதிராக ஆதாரமாக வைக்கவே முடியாது. பிரிட்டிஷ் காலத்து 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 23-வது பிரிவும் இதையேதான் சொல்கிறது. அடித்து உதைத்து ‘ஒப்புக்கொள்ள’ வைக்கும் பழக்கம் இருக்கிறது என்று தெரிந்துதான் அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு வேலி போட்டார்கள்.

இந்த வேலியில் இரண்டு வாசல்கள் உண்டு.

ஒன்று, மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 164-வது பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 183. ‘நீ இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும்’ என்று மாஜிஸ்திரேட் எச்சரிக்க வேண்டும். எதிரே நிற்பவர் யாருடைய மிரட்டலும் இல்லாமல் பேசுகிறார் என்று அவருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும்.

கோலியின் வாக்குமூலம் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. ஆனால், அதைப் பதிவு செய்வதற்கு முன் அவர் 60 நாள் தொடர்ந்து போலீஸ் காவலில் இருந்தார். அர்த்தமுள்ள சட்ட உதவி எதுவும் கிடைக்கவில்லை. மருத்துவப் பரிசோதனை முறையாக நடக்கவில்லை. வாக்குமூலத்துக்குள்ளேயே, தன்னைச் சித்திரவதை செய்ததையும் சொல்லிக்கொடுத்துப் பேச வைத்ததையும் பற்றிய பேச்சு வருகிறது. இப்படிப்பட்ட ஒன்றை ‘தானாக முன்வந்து கொடுத்தது’ என்று எப்படி ஏற்பது என்பதுதான் நீதிமன்றங்கள் எழுப்பிய கேள்வி.

இரண்டாவது வாசல், கண்டெடுப்பு. பழைய சட்டத்தில் இது 27-வது பிரிவு. காவலில் இருப்பவர் ‘கத்தியைக் கிணத்துக்குப் பின்னாடி போட்டேன்’ என்று சொல்லி, போலீஸ் போய்ப் பார்க்கும்போது கத்தி அங்கே இருந்தால், அந்தக் கண்டெடுப்புக்குக் காரணமான பகுதி மட்டும் ஆதாரமாகும். அவர் சொல்லித்தான் அது தெரியவந்தது என்பது முக்கியம். நிதாரியிலோ, சாக்கடையில் எலும்புகள் கிடப்பது ஊர் மக்களுக்கும் போலீஸுக்கும் முன்பே தெரிந்திருந்தது. தோண்டும் வேலையும் ஆரம்பித்திருந்தது. அந்த இடமோ யார் வேண்டுமானாலும் போய் வரக்கூடிய திறந்த இடம். கோலி சொன்னதாகக் கூறப்படும் தகவலும் உரிய முறையில், உரிய நேரத்தில் எழுதி வைக்கப்படவில்லை.

சரி, தடயவியல்? டி.என்.ஏ. பரிசோதனை நடந்தது. இந்த எலும்புகள் இந்தக் குடும்பத்துக் குழந்தையுடையவை என்பதை அது காட்டியது. யார் கொன்றார் என்பதை அது சொல்லாது. அத்தனை கொலைகள் வீட்டுக்குள்ளேயே நடந்தன என்று சொல்லும் அளவுக்கான தடயங்களும் டி-5-ல் கிடைக்கவில்லை.

ஆக, 12 வழக்குகளில் செல்லாது என்று ஒதுக்கப்பட்ட அதே ஆதாரத்தை, 13-வது வழக்கில் மட்டும் செல்லும் என்று வைத்துக்கொண்டு ஒருவரைச் சிறையில் வைத்திருக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

அப்போ கொலைகாரன் யாரு?

நேர்மையான பதில்: சட்டப்படி, தெரியாது.

விடுதலை என்றால் ‘அவர் செய்யவில்லை என்று நிரூபணமாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால், நிரூபிக்கப்படாத ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும் உரிமை அரசுக்கும் இல்லை, படம் பார்க்கும் நமக்கும் இல்லை. இவ்வளவு நீண்ட விசாரணைக்குப் பிறகும் உண்மையான குற்றவாளி யார் என்பது சட்டத்துக்கு ஏற்ற முறையில் நிறுவப்படவில்லை என்று உச்ச நீதிமன்றமே தன் வருத்தத்தைப் பதிவு செய்தது.

உடலுறுப்புத் திருட்டுக் கோணத்தையும் விசாரிக்க வேண்டும் என்று மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் அமைத்த குழு 2007-லேயே பரிந்துரைத்திருந்தது. அந்தக் கோணம் ஒழுங்காக விசாரிக்கப்படவில்லை என்பதையும் நீதிமன்றங்கள் சுட்டிக்காட்டின. கையில் ஒரு வேலைக்காரர் இருந்தார், அவர் பெயரில் ஒரு வாக்குமூலம் இருந்தது. அதற்கு மேல் தேடவில்லை.

இந்தியாவில் கொலை வழக்குக்குக் காலாவதி கிடையாது. நாளைக்கே புது ஆதாரம் கிடைத்தால், விடுதலையான இருவரைத் தவிர வேறு யார் மீதும் வழக்குப் போடலாம். ஆனால், கிட்டத்தட்ட 20 வருஷம் ஆன பிறகு எந்த ஆதாரம் மிச்சம் இருக்கும் என்பதுதான் பிரச்னை.

கொரியாவிலும் இதே கதை!

கண்டுபிடிக்கப்படாத தொடர் கொலையைப் பற்றிய படம் என்றாலே சினிமா ரசிகர்கள் முதலில் சொல்லும் பெயர் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’. ‘பாரசைட்’ எடுத்த போங் ஜூன் ஹோவின் 2003-ம் ஆண்டுப் படம். 1986 முதல் 1991 வரை தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 10 பெண்கள் கொல்லப்பட்ட வழக்கை வைத்து எடுக்கப்பட்டது. படம் வந்தபோது கொலையாளி யாரென்று யாருக்கும் தெரியாது. கடைசி ஷாட்டில் நாயகன் நேராக கேமராவைப் பார்ப்பார். கொலையாளி எங்கேயாவது உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பான், அவன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இயக்குநரின் எண்ணம்.

16 வருஷம் கழித்து, 2019-ல், பத்திரமாக வைக்கப்பட்டிருந்த பழைய தடயப் பொருட்களை மறுபடியும் டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு ஒரு கைதியோடு பொருந்தியது. லீ சுன் ஜே. மனைவியின் தங்கையைக் கொன்ற வழக்கில் 1994 முதல் சிறையில் இருந்தவர். மொத்தம் 14 கொலைகளை ஒப்புக்கொண்டார். சிறையில் அந்தப் படத்தைப் பார்த்ததாகவும், பெரிதாக எதுவும் தோன்றவில்லை என்றும் 2020-ல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது சொன்னார். கொரியாவில் அப்போது கொலைக்கு 15 வருஷக் காலாவதி இருந்ததால், ஹ்வாசோங் கொலைகளுக்காக அவரைத் தண்டிக்க முடியவில்லை.

ஆனால், அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத இன்னொருவர் உண்டு. 10 கொலைகளில் எட்டாவதை ‘நான்தான் செய்தேன்’ என்று ஏற்கெனவே ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். போலியோவால் கால் பாதிக்கப்பட்ட, 22 வயது மெக்கானிக். தூங்கவிடாமல் வைத்து வாங்கிய வாக்குமூலம் அது. அதனால் சுமார் 20 வருஷம் சிறையில் இருந்தார். லீ அந்தக் கொலையும் தன்னுடையதே என்று சொன்ன பிறகு, 2020 டிசம்பரில் மறுவிசாரணையில் அவர் நிரபராதி என்று தீர்ப்பானது. போலீஸ் மன்னிப்புக் கேட்டது.

ஹ்வாசோங் புதிர் அவிழக் காரணம், தடயப் பொருட்கள் முப்பது வருஷமாகப் பாதுகாக்கப்பட்டிருந்ததுதான். ஒரு அப்பாவியின் 20 வருஷம் போகக் காரணம், வாக்குமூலம் போதும் என்று போலீஸ் நினைத்தது. ஒரே வழக்குக்குள் இரண்டும் இருக்கிறது.

நம்ம தமிழ் சினிமாவுக்கும் இது புதுசு இல்லை. வெற்றிமாறனின் ‘விசாரணை’ ஞாபகம் இருக்கா? ஆந்திராவில் பிழைக்கப்போன தமிழ்த் தொழிலாளர்களை, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கும் கதை. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார், தன் சொந்த அனுபவத்தை வைத்து எழுதிய ‘லாக்கப்’ நாவல்தான் அதற்கு மூலம். ‘விசாரணை’யில் அடி வாங்குகிறவர்கள் பக்கம் நின்று பதறிய அதே நாம்தான், த்ரில்லரில் வாக்குமூலக் காட்சி வரும்போது சீட் நுனிக்கு வருகிறோம்.

கேஸ் உண்மையில் எங்கே தோத்துச்சு?

நிதாரி வழக்கு நீதிமன்றத்தில் தோற்றதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அது தோற்றது, முதல் குழந்தையின் அப்பா காவல் நிலைய வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அன்றைக்கு.

ஒரு குழந்தை காணாமல் போன முதல் சில மணி நேரத்தில்தான் கடைசியாகப் பார்த்தவர் யார், எந்தத் தெருவில், யாருடன் என்பதெல்லாம் சூடாகக் கிடைக்கும். சட்டையின் நிறம் முதற்கொண்டு ஞாபகம் இருக்கும். புகாரே வாங்கவில்லை என்றால் இது எதுவுமே பதிவாகாது. வருஷக்கணக்கில் கழித்து எலும்புகள் கிடைக்கும்போது, கையில் சாட்சியும் இல்லை, தடயமும் இல்லை. ஊரே கொந்தளிக்கும்போது போலீஸுக்கு இருக்கும் ஒரே குறுக்குவழி வாக்குமூலம். அந்த வாக்குமூலம் 19 வருஷம் கழித்து உடைந்தால், மொத்த வழக்கும் உடைகிறது.

இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி, புகார் கொடுக்க வந்தவர் யார் என்று பார்த்து அலட்சியப்படுத்தியது. 1980-களில் பம்பாயிலும், 1989-ல் கல்கத்தாவிலும் நடந்த ‘ஸ்டோன்மேன்’ கொலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்தில் தூங்கியவர்களின் தலையில் கல்லைப் போட்டுக் கொன்ற அந்த வழக்குகளில் இன்று வரை யாருக்கும் கொலைத் தண்டனை இல்லை. செத்தவர்களில் பலரைத் தேடி வர ஆளே இல்லை. 2009-ல் கே கே மேனன் நடித்து ‘தி ஸ்டோன்மேன் மர்டர்ஸ்’ என்று படம் மட்டும் வந்தது.

இதெல்லாம் நமக்கு ரொம்ப தூரத்து விஷயமா? சிங்கப்பெருமாள் கோவிலையே பாருங்கள். பல்லவர் காலக் குடைவரையில் பாடலாத்ரி நரசிம்மர் இருக்கும் ஊர். இன்றைக்கு ஒரு பக்கம் மறைமலை நகர், இன்னொரு பக்கம் மகிந்திரா சிட்டி, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் போனால் ஒரகடம். நடுவில் அபார்ட்மென்ட்டுகளும் லைன் வீடுகளும் பக்கத்துப் பக்கத்தில். பீகார், ஒடிஷா, அசாம், நம்ம தென் மாவட்டங்கள் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் அந்த ஒற்றை அறைகளில் இருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் ஷிஃப்ட்டுக்குப் போனால் பிள்ளைகள் தெருவில் விளையாடும்.

அந்த லைன் வீட்டுக்காரர் ஒருவர் ஸ்டேஷனுக்குப் போய், அரைகுறைத் தமிழில் ‘சார், என் பொண்ணைக் காணோம்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நிதாரியில் போல ‘வந்துடும், போங்க’ என்று பதில் வந்தால், அவர் என்ன செய்ய முடியும்?

காணாமல் போன குழந்தை: சட்டம் என்ன சொல்லுது?

நிதாரிக்குப் பிறகு தேசிய மனித உரிமை ஆணையம், காணாமல் போகும் குழந்தைகள் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. பிறகு நீதிமன்றங்களும் சட்டங்களும் சில விஷயங்களைத் தெளிவாக்கின.

எஃப்.ஐ.ஆர். கட்டாயம்: காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் எஃப்.ஐ.ஆர். ஆகப் பதிவு செய்ய வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்ற அனுமானத்தோடுதான் விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று 2013 மே மாதம், பச்பன் பச்சாவோ அந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்றது. அந்த வழக்கே, மகளைக் காணோம் என்று அலைந்த ஒரு தகப்பன் போட்டதுதான்.

சி.எஸ்.ஆர். போதாது: நம்ம ஊரில் புகார் கொடுத்தால் பல சமயம் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுவார்கள். அது புகார் பெற்றதற்கான சான்று மட்டும்தான். குழந்தை காணவில்லை என்றால் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். அது இலவசம்.

24 மணி நேரம் காத்திருக்க வேண்டாம்: ‘ஒருநாள் பார்த்துட்டு வாங்க’ என்று சொல்ல எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை.

எல்லைப் பிரச்னை இல்லை: ‘இது எங்க லிமிட் இல்ல’ என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யலாம். பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவு இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது.

மறுத்தால்: புகாரை எழுத்தில் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

நான்கு மாதம் ஆகியும் குழந்தை கிடைக்கவில்லை என்றால், வழக்கு ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்றப்பட வேண்டும்.

உடனடி உதவிக்கு: குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசர உதவி எண் 112. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. சின்னக் குழந்தைகளின் சமீபத்திய போட்டோ ஒன்றைப் போனில் வைத்திருப்பது நல்லது. ஆதார் போட்டோவை வைத்து யாரையும் தேட முடியாது.

படம் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். ‘செக்டார் 36’ தன் முதல் பாதியில் காட்டும் ஒரு விஷயம் நிஜத்துக்கு ரொம்பப் பக்கம்: குடிசையிலிருந்து வரும் அப்பா, அம்மா சொல்வதை இன்ஸ்பெக்டர் காதில் போட்டுக்கொள்ளாத இடம். பார்க்கிறவர்கள் ஞாபகத்தில் தங்குவதோ விசாரணை அறைக் காட்சி. நிதாரியில் நீதிமன்றங்கள் நம்ப மறுத்தது அந்த மாதிரி ஒரு அறையிலிருந்து வந்த வாக்குமூலத்தைத்தான்.

நிதாரியின் ஒற்றை அறை வீடுகளிலிருந்த சில குடும்பங்கள் எப்போதோ சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டன. சிலர் அங்கேயே இருக்கிறார்கள். தீர்ப்பு வந்த அன்று டிவி மைக்குகள் மறுபடியும் அவர்கள் முன்னால் நீண்டன. ‘இவங்க ரெண்டு பேரும் இல்லைன்னா, எங்க பிள்ளைங்களைக் கொன்னது யாரு?’ என்பதே அவர்கள் பக்கத்திலிருந்து வந்த கேள்வி. அவர்கள் 2005-ல் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன கேள்விக்கே இன்னும் பதில் வரவில்லை.